நான் எழுதவில்லையே, அனுப்பத்தானே செய்தேன்?

சுங்கை சிப்புட்டில் காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அது மேசைக்கு வருவதற்குள் உக்ரேன், காசா, அமெரிக்க வரி, செயற்கை நுண்ணறிவு, நிலவில் மனிதன் நிஜமாகவே இறங்கினானா என்பது வரை எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து காதில் விழுந்துவிடும். எனக்கு அது பிடிக்கும். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் முன்னால் வாய் திறக்கத் தயங்கிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். உலக நடப்பைப் பற்றி நமக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. அதனால், பேசாமல் இருங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

என் கவலை வேறு. இந்த ஊரில் கிரிமினல் வழக்குகள் எடுக்கும் வக்கீல் நான். உலகச் செய்தியைப் பற்றிய கருத்தால் மாட்டுகிறவர்களைவிட, சட்டத்தைப் பற்றித் தாங்களாகவே வைத்திருக்கும் கருத்தால் மாட்டுகிறவர்கள்தான் என் அலுவலகத்துக்கு அதிகம் வருகிறார்கள். "நான் எழுதலையே லாயர், வந்ததை அனுப்பத்தானே செஞ்சேன்." "கீழே ஃபார்வர்டட் அஸ் ரிசீவ்ட்னு போட்டிருக்கேனே." "அழிச்சிட்டேன், இனி என்ன?" "பொய்ச்செய்திச் சட்டத்தைத்தான் எடுத்துட்டாங்களே." எல்லாவற்றையும் நல்ல நம்பிக்கையோடு சொல்கிறார்கள், எதுவும் அவர்களைக் காப்பாற்றுவதில்லை.

முதலில் தொல்லையில்லாத ஒன்றைப் பார்ப்போம். அஃபீலியன் செய்தியைப் பார்க்காதவர் நம் ஊரில் இருக்க முடியாது. நாளை அதிகாலையிலிருந்து பூமி சூரியனை விட்டு விலகப் போகிறது, வழக்கமாக 9 கோடி கிலோமீட்டர் இருக்கும் தூரம் 15.2 கோடி ஆகிவிடும், குளிர் வரும், இருமல் வரும், வைட்டமின் சாப்பிடுங்கள் என்று வரும். அந்த 15.2 கோடி மட்டும் சரி. சூரியனுக்கும் நமக்கும் சராசரியாக 15 கோடி கிலோமீட்டர். ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 14.7 கோடி, ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி, இது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான், வித்தியாசம் 3 விழுக்காட்டை ஒட்டித்தான். நாம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் ஜனவரியில்தான் ஐரோப்பாவில் பனி கொட்டுகிறது, ஏனென்றால் பருவங்களைத் தீர்மானிப்பது பூமியின் 23.4 பாகைச் சாய்வு. அந்த 9 கோடியை யாரோ சும்மா அடித்துவிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

இதை அனுப்பினால் ஜெயிலா? இல்லை. பொய் என்பது மட்டுமே குற்றமாகிவிடாது. மலேசியாவின் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 233ஆம் பிரிவு, பொய்யான, ஆபாசமான, மிரட்டும், மிக மோசமாகப் புண்படுத்தும் தகவலை இன்னொருவரைத் தொல்லைப்படுத்தவோ, ஏசவோ, மிரட்டவோ, துன்புறுத்தவோ வேண்டுமென்ற நோக்கத்தோடு அனுப்புவதைத்தான் குற்றம் என்கிறது. நோக்கம் முக்கியம். ஆனால் அந்தப் பிரிவின் தண்டனை இப்போது முன்பு போல இல்லை. பழைய 50,000 வெள்ளி அபராதமும் ஓராண்டுச் சிறையும் 2025 பிப்ரவரி 11 முதல் 5 லட்சம் வெள்ளி, இரண்டாண்டு என்று உயர்ந்துவிட்டன. இங்கே வந்து உட்காரும் பல பேர் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறார்கள்.

பொய்ச்செய்தித் தடுப்புச் சட்டம் 2018இல் வந்தது, 2019இல் நாடாளுமன்றம் அதை நீக்க வாக்களித்தது, அதெல்லாம் உண்மைதான். அது போனதால் இடம் காலியாகிவிடவில்லை. குற்றவியல் சட்டத்தின் 505ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. மக்களிடையே பீதி கிளப்பக்கூடிய வதந்தியை உருவாக்கினாலும் சரி, வெளியிட்டாலும் சரி, கையிலிருந்து கைக்குப் பரப்பினாலும் சரி, அந்தப் பிரிவு பிடிக்கும். கோவிட் காலத்தில் மருத்துவமனையில் இத்தனை பேர் செத்துவிட்டார்கள், இந்தப் பேரங்காடியில் நோயாளி விழுந்துவிட்டார் என்று அனுப்பியவர்கள் மீது இதையும் 233ஐயும்தான் போட்டார்கள். ஆகவே "நான் எழுதலையே" என்பது வாதமே இல்லை. மானநஷ்ட வழக்கிலும் அப்படித்தான், அடுத்தவர் எழுதியதைத் திருப்பிச் சொல்கிறவரும் அதைச் சொன்னவராகவே கணக்கில் வருவார். போர்க் காட்சி என்று வருகிற வீடியோவைச் சந்தேகப்படுங்கள், அதில் ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் பல தடவை உக்ரேன் என்றும் காசா என்றும் சுற்றியிருக்கின்றன. அதையே ஓர் இனத்தைத் திட்டுகிற இரண்டு வரியோடு அனுப்பினீர்கள் என்றால் விஷயமே வேறு.

அப்புறம் நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. நம் ஆட்களுக்கு ஆபத்து பெரும்பாலும் சொந்தக் கருத்தால் வருவதில்லை, கடன் கொடுத்த பெயரால் வருகிறது.

1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்று ஒரு பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் சாரம் இதுதான். ஒரு பதிவில் யாருடைய பெயரோ படமோ உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்ற தோரணையில் இருக்கிறதோ அவர்தான் அதை வெளியிட்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். எந்த இணைய இணைப்பிலிருந்து அது போனதோ அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரும் அப்படியே. எந்தக் கணினி யார் கையில் இருந்ததோ அவரும் அப்படியே, கைப்பேசியும் இதில் அடக்கம். நான் இல்லை என்று காட்ட வேண்டியது அந்தப் பெயருக்கு உரியவரின் வேலை. குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று நாம் காலங்காலமாக நம்பி வந்த முறையில் இது ஒரு பெரிய திருப்பம். அப்போதே எதிர்ப்பு வந்தது, 2012 ஆகஸ்ட் 14இல் பல இணையத்தளங்கள் கறுப்புத் திரை போட்டுக் கண்டனம் தெரிவித்தன. எனக்கும் இந்தப் பிரிவு பிடிக்காது, ஏழையின் தலையில் அதிகப் பாரத்தை ஏற்றுகிற பிரிவு இது. ஆனால் நடப்பில் இருக்கிறது.

ஏழையின் தலையில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெயரைக் கொடுத்து உதவுவது தோட்டத்திலிருந்து நம்மோடு வந்த பழக்கம். கடைப் பற்றுப் புத்தகம் ஒருவர் பெயரில், சாமான் வாங்குவது மூன்று குடும்பம். மோட்டார் கடனுக்கு ஜாமீன், கூட்டுப் பணத்துக்கு ஜாமீன். தோட்டம் போய்த் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நல்ல குணம் போகவில்லை. இப்போது சிம் கார்டை வாங்கிக் கொடுக்கிறார்கள். ஐசி (அடையாள அட்டை) தொலைத்த பையனுக்கு, பர்மிட் முடிந்த வங்காளதேச வேலையாளுக்கு, வெளியூரில் வேலைக்குப் போன மருமகனுக்கு.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பால் மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மா ஒருவர். அவர் பெயரில் இருக்கும் எண்ணிலிருந்து ஒரு கோயில் கமிட்டிப் பொருளாளரைத் திருடன் என்றும், அவர் மகளைப் பற்றி எழுதக் கூசுகிற வார்த்தைகளிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களுக்குச் செய்தி போயிருக்கிறது. போலீஸ் அழைத்தது அம்மாவை. அவரிடம் இருப்பது பட்டன் போன், பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வாங்கிக் கொடுத்த எண் அது என்று அழுதார். சரி, அதைக் காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டபோது, ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து சிம் கார்டை உடைத்து எடுத்த பிறகு மிஞ்சும் அந்த பிளாஸ்டிக் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "நம்பர் எழுதியிருக்கேன்னு தூக்கிப் போடலம்மா."

அதிலிருந்துதான் பிடித்தோம். அந்த எண்ணின் புலனத்தில் யார் படம் இருந்தது, யாருடைய பணத்தில் டாப் அப் ஆனது, அந்த எண்ணை யார் யார் தங்கள் போனில் அந்தப் பையன் பெயரில் சேமித்து வைத்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்தோம். பையனும் கடைசியில் ஒப்புக்கொண்டான். அம்மா சாட்சியாக மட்டும் நின்றார். ஆனால் அதற்குள் எத்தனை தடவை பஸ் ஏறிக் காவல் நிலையத்துக்குப் போனார், அந்தப் பொருளாளரின் குடும்பம் எத்தனை மாதம் கோயிலுக்கு வராமல் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

குழு நிர்வாகிகளும் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் குழு, முகநூல் பக்கம், எதுவானாலும் நிர்வாகி என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. 2021 பிப்ரவரி 19இல் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது, அதன் ஆசிரியர்கள் எழுதியதற்கு அல்ல, வாசகர்கள் போட்ட கருத்துகளுக்காக. அரசுத் தரப்பு கேட்டதே 2 லட்சம்தான். அந்த வழக்கில் 114ஏ பேசப்பட்டது. ஒரே நாளில் மக்கள் நன்கொடை கொடுத்து அந்தத் தொகையைச் சேர்த்துவிட்டார்கள். உங்கள் குழுவுக்கு அப்படி யார் கொடுப்பார்கள்? பெயருக்கு நிர்வாகியாக இருந்துகொண்டு குழுவைப் பார்க்காமலே இருப்பவர்கள், ஒன்று பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பொறுப்பிலிருந்து இறங்கிவிடுங்கள்.

"எழுத்துதானே, எழுத்தால் யார் செத்தார்கள்" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். 2024 ஜூலையில் நம் தமிழ்ப் பெண், டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி, இணையத்தில் தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட பிறகு உயிரை விட்டார். அந்த விவகாரத்தில் ஒருவருக்கு 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் 100 வெள்ளி அபராதம். அந்தப் பிரிவில் அதற்கு மேல் விதிக்க இடமே இல்லை. நாடே கொதித்தது, கொதித்ததும் நியாயம்தான். அதன் பிறகே குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் வந்து, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. துன்புறுத்தல் ஒருவரைத் தற்கொலை வரை தள்ளினால் பத்தாண்டு வரை சிறை. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். தற்கொலைக்கு முயன்றவரையே குற்றவாளியாக்கிய 309ஆம் பிரிவை 2023இல் நீக்கியதும் அதே அளவு முக்கியம். மனம் உடைந்து உதவி தேடுகிறவர் இனி போலீசுக்குப் பயப்பட வேண்டாம், இதை நம் வீடுகளில் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக. ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் சில நூறு வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோகும் இளைஞர்கள். எங்கோ ஓர் ஆசிரியரின் சேமிப்பு அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கும், காவல் நிலையத்தில் இருக்கிற ஒரே பெயர் இவர்களுடையது. முன்பு 420 போன்ற ஏமாற்றுக் குற்றப் பிரிவுகளில் அடைத்தார்கள், 2024 திருத்தத்துக்குப் பிறகு கணக்கைக் கொடுப்பதையே குற்றமாக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பணம் யாருக்குப் போனது என்றே எனக்குத் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கலாம், கொடுத்தது நீங்கள்தானே. ஏமாந்தவர் நீங்கள் என்றால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997க்கு அழையுங்கள், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் வங்கி பிடிக்க முடிந்தால்தான் உண்டு. யாருக்காவது பணம் அனுப்பும் முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

போலீஸ் அழைத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: போங்கள், ஒளியாதீர்கள். கைப்பேசியைத் துடைத்து ரீசெட் பண்ணாதீர்கள், ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம், உங்களைக் காப்பாற்றக்கூடியதும் அதில்தான் இருக்கலாம். வாக்குமூலம் எடுக்கும்போது உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவில் இருக்கிறது, புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்துப் போடாதீர்கள், படித்துக் காட்டச் சொல்லுங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் கொடுக்க விட வேண்டும். பணமில்லை என்று தயங்க வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012இலிருந்து இயங்குகிறது, கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டத்திலேயே வக்கீல் வருவார். வருமான வரம்பு உண்டு, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னால், இந்த வாரமே ஐசியை எடுத்துக்கொண்டு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போய், உங்கள் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்று கேளுங்கள். உங்களிடம் இல்லாத எண் அதில் இருந்தால் அங்கேயே ரத்து செய்துவிட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.