குண்டுமணி கடிச்ச பையனும் தறி ஓட்டற தாத்தாவும்

விநாயகர் சதுர்த்தி முடிஞ்ச மறுநாள் குழந்தைங்க வார்டுல டூட்டி பாத்தவங்களுக்குத் தெரியும், கொழுக்கட்டை ஓவரா சாப்ட்டு வயித்துவலின்னு வர்ற கூட்டத்துக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு கேஸ் வேற மாதிரி வரும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணு வெப்பாங்கல்ல, செவப்பா, ஒரு ஓரத்துல மட்டும் மை தொட்டு வெச்ச மாதிரி கறுப்பா, அந்தக் குண்டுமணியை நோண்டி எடுத்து வாயில போட்டுக்கிட்ட குழந்தைங்க.

சில வருஷம் முன்னாடி அப்படி வந்தவன் நாலு வயசுப் பையன். அம்மா, பாட்டி, தாத்தா மூணு பேரும் கூட. பையன் என் ஸ்டெதஸ்கோப்பை இழுத்து வெளையாடிக்கிட்டு இருந்தான், பல்ஸ், பிபி, வயிறு எல்லாமே நார்மல். அம்மா புத்திசாலித்தனமா ஒரு வேலை பண்ணியிருந்தாங்க, அவன் வாயில இருந்து எடுத்ததை காலண்டர் தாள்ல மடிச்சுக் கொண்டு வந்திருந்தாங்க. பிரிச்சுப் பாத்தேன். செவப்பு ஓடு ரெண்டு துண்டா ஒடஞ்சு கெடக்கு, உள்ள இருக்கற வெளிறின பருப்புல பாதியக் காணோம். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

பாட்டி என்னைப் பாத்து சிரிச்சாங்க. "நாங்கெல்லாம் சின்ன வயசுல பல்லாங்குழி ஆடும்போது எத்தனை முழுங்கியிருப்போம், அடுத்த நாள் அப்படியே வெளிய வந்துருமுங்க." பாட்டி சொன்னது பொய் இல்ல. குண்டுமணியோட ஓடு அவ்ளோ கெட்டி, முழுசா முழுங்கினா பெரும்பாலும் ஜீரணமே ஆகாம அப்படியே மோஷன்ல வந்துரும். பிரச்சனை மென்னு அந்த ஓடு ஒடஞ்சாத்தான். இல்ல மாலை, வளையல் கோக்கறதுக்கு ஏற்கனவே ஓட்டை போட்ட மணியா இருந்தா, அதுல ஓட்டோட காவல் முன்னாடியே போயாச்சு.

அட்மிஷன் போடறேன்னு சொன்னேன். அம்மா உடனே, "பையன் நல்லாத்தானுங்க இருக்கான்?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதறேன். ஏன்னா இந்த வெஷத்துல மொத நாள் குழந்தை பல தடவை நல்லாத்தான் இருக்கும். நல்லா இருக்கேன்னு நம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, ரெண்டாவது நாளு மூணாவது நாளு வாந்தியும் ரத்தபேதியுமா தூக்கிட்டு ஓடி வர்றதை நாங்க பாத்திருக்கோம்.

தாத்தா அதுவரைக்கும் ஒண்ணும் பேசல. கடைசியா கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, மெடிக்கல் காலேஜ் வைவால கூட அப்படிக் கேக்க மாட்டாங்க. "டாக்டரம்மா, நல்ல பாம்பு கடிச்சா மணி நேரத்துல கண்ணு சொருகுது. இது என்னங்க வெஷம், ரெண்டு நாள் கழிச்சு வேலை செய்யறது?"

அவரு என்ன தொழில் பண்றாருன்னு கேட்டேன். இப்ப பவர்லூம், அதுக்கு முன்னாடி கைத்தறில ஜக்கார்டு போட்டு சேலை நெஞ்சவராம். அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு, ஏன்னா டிஎன்ஏ ஆர்என்ஏ கதைய ஒரு நெசவாளிக்குச் சொல்ற அளவுக்கு ஈஸியா வேற யாருக்கும் சொல்ல முடியாது.

ஐயா, உங்க முதலாளி வீட்டு பீரோல மூல டிசைன் இருக்குமில்ல, அதை யாரும் தறிக்குக் கொண்டு வர மாட்டாங்க, அதைப் பாத்து அட்டையில ஓட்டை ஓட்டையா டிசைனை அடிச்சு அந்த அட்டையைத்தான் தறில மாட்டுவீங்க. ஒடம்புலயும் அதேதான். ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நியூக்ளியஸ்னு ஒரு பீரோ, அதுக்குள்ள டிஎன்ஏ. ஒரு செட்டுக்கு சுமார் 300 கோடி எழுத்து, அப்பா குடுத்தது ஒரு செட்டு அம்மா குடுத்தது ஒரு செட்டு. அதுல புரோட்டீன் செய்யறதுக்கான டிசைன் மட்டும் ஏறக்குறைய 20,000. எந்த டிசைன் வேணுமோ அந்தப் பக்கத்தை மட்டும் ஆர்என்ஏ பாலிமரேஸ்னு ஒரு என்சைம் படிச்சு நகல் எடுக்கும், அந்த நகலுக்குத்தான் மெசெஞ்சர் ஆர்என்ஏன்னு பேரு, நம்ம கணக்குல அதுதான் அட்டை. நகல்ல நடுநடுவுல வேண்டாத பத்தியும் சேந்து வரும், அதை வெட்டிட்டு வேணுங்கறதை மட்டும் ஒட்டி நியூக்ளியஸ் வாசல் வழியா வெளிய அனுப்பும். மூலம் வெளிய வராது.

வெளிய தறி இருக்கு. அதுக்குப் பேரு ரைபோசோம். ஒரு செல்லுல லட்சக்கணக்குல இருக்கும். அட்டையில மூணு மூணு எழுத்தா அது படிக்கும். ஏ, யூ, ஜி, சின்னு நாலே எழுத்து, மூணு மூணா சேத்தா 64 விதம். ஏயூஜின்னு வந்தா நெசவு ஆரம்பி, யூஏஏ, யூஏஜி, யூஜிஏ இந்த மூணுல எது வந்தாலும் நிறுத்தி துணியை அறுத்துரு. மீதி ஒவ்வொண்ணுக்கும் ஒரு அமினோ அமிலம், அதுதான் புரோட்டீனை நெய்யற நூல். அதை எடுத்துட்டு வர்றதுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏன்னு எடுபிடி ஆளுங்க இருக்காங்க, ஆளுக்கு ஒரு கலர் நூல், தன்னோட மூணு எழுத்து வந்தா மட்டும்தான் நூலைக் குடுப்பாங்க. 20 கலர் நூலுதான் மொத்தமே, அதை வெச்சுத்தான் முடி, நகம், இன்சுலின், ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் எல்லாம். ஹீமோகுளோபின்ல பீட்டா சங்கிலின்னு ஒண்ணு இருக்கு, 146 அமினோ அமிலம், நம்ம தறி செகண்டுக்கு அஞ்சாறுன்னு கோக்கும், கணக்கு போட்டா ஒரு சங்கிலிக்கு அரை நிமிஷம் போல ஆகும்.

(எந்த மூணு எழுத்துக்கு எந்த அமினோ அமிலம்னு கண்டுபிடிச்சதுக்கு 1968-ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஹர் கோபிந்த் கொரானா ஒருத்தர். தறி எப்படி இருக்குன்னு அணு அணுவா படம் எடுத்துக் காட்டினதுக்கு 2009-ல நோபல் வாங்கின மூணு பேர்ல வெங்கி ராமகிருஷ்ணன் ஒருத்தர், 1952-ல நம்ம சிதம்பரத்துல பொறந்தவர். தாத்தாகிட்ட சிதம்பரம்னு சொன்னப்ப, தில்லைலீங்களான்னு நிமிந்து உக்காந்தாரு.)

அந்தப் படத்துல தெரிஞ்ச ஒரு விஷயம்தான் குண்டுமணிக்கு முக்கியம். ரைபோசோம் வெறும் புரோட்டீன் மெஷின் இல்ல, அதோட நடுக்கட்டையே ஆர்என்ஏ. நூலும் நூலும் முடிச்சுப் போடற எடத்துல நிக்கறது ஆர்என்ஏதான். அதாவது அட்டையும் ஆர்என்ஏ, எடுபிடியும் ஆர்என்ஏ, தறியும் பாதிக்கு மேல ஆர்என்ஏ. ஸ்கூல் புக்குல ஆர்என்ஏன்னா ஏதோ போஸ்ட்மேன் மாதிரி போட்டிருப்பாங்க, எனக்கு அது எப்பவுமே ஒப்பாது, வேலை முழுக்கப் பாக்கறவனை போஸ்ட்மேன்னு சொன்னா எப்படி.

குண்டுமணிக்குள்ள இருக்கற வெஷத்துக்கு அப்ரின்னு பேரு, ஆமணக்கு விதையில இருக்கறதுக்கு ரிசின், ரெண்டும் பங்காளிங்க. (விளக்கெண்ணெய்க்கு யாரும் பயப்பட வேண்டாம், அந்த வெஷம் எண்ணெய்ல கரையாது, பயம் விதையை மெல்லறதுல மட்டும்தான்.) வெஷமே ஒரு புரோட்டீன்தான், செடியோட தறில நெஞ்சது. அதுல ரெண்டு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணு சாவி, செல்லோட மேல இருக்கற சர்க்கரையைப் பிடிச்சுக்கிட்டு சொந்தக்காரன் மாதிரி உள்ள நொழஞ்சிரும். இன்னொண்ணு கத்தி. உள்ள போனதும் கத்தி தனியா கழண்டு வந்து தறிகிட்ட போகும். ரைபோசோமோட பெரிய ஆர்என்ஏல கிட்டத்தட்ட 5,000 எழுத்து, அதுல குறிப்பிட்ட எடத்துல இருக்கற ஒரே ஒரு ஏ எழுத்தை மட்டும் புடுங்கும். அவ்ளோதான். 1987-ல ஜப்பான்ல எண்டோவும் சுருகியும் ரிசின் இதைத்தான் செய்யுதுன்னு காட்டினாங்க. அந்த ஒரு எழுத்து போச்சுன்னா தறியை அடுத்த அடிக்கு நகத்தற துணைப்புரோட்டீன் வந்து உக்கார எடம் இல்ல, தறி நின்னுரும். கத்தி தீந்து போகாது, அடுத்த தறிக்குப் போகும், நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல.

தாத்தாவுக்கு இங்கதான் பிடிபட்டுச்சு. டிசைன் பத்திரமா இருக்கு, அட்டை கிழியல, நூலும் இருக்கு, தறில ஒரு ஆணிய மட்டும் கழட்டிட்டுப் போயிட்டான். "அப்ப கடையில சரக்கு தீர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாதுங்களே" அப்படின்னாரு.

அதேதான். பாம்பு வெஷம் ஓடற வேலையை நிறுத்தும், நரம்பு தசைக்குச் சொல்ற சேதியை அந்த எடத்துலயே மறிக்கும், அதனால உடனே தெரியும். இது ஓடற வேலையை ஒண்ணும் பண்றதில்ல, உற்பத்தியை நிறுத்துது. ஏற்கனவே நெஞ்சு வெச்ச புரோட்டீன் இருக்கற வரைக்கும் செல் சமாளிக்கும். ரத்தத்துல இருக்கற செவப்பணுவை எடுத்துக்கோங்க, அதுல நியூக்ளியஸும் இல்ல ரைபோசோமும் இல்ல, பொறக்கும்போது கொண்டு வந்த சரக்கை வெச்சே 120 நாள் ஓட்டுது. ஆனா குடலோட உள் தோல் அப்படி இல்ல, மூணுல இருந்து அஞ்சு நாளைக்கு ஒரு தரம் மொத்தமா புதுசாகற எடம், அங்க ஸ்டாக்கே கெடையாது, அன்னன்னைக்கு நெஞ்சு அன்னன்னைக்கு விக்கற கடை. அதனாலதான் மொதல்ல அங்க அடி விழுது, வாந்தி, பேதி, அப்புறம் ரத்தம், தண்ணி வத்திப்போறது, முத்திப்போனா கல்லீரல், கிட்னி வரைக்கும். சில மணி நேரத்துலயும் ஆரம்பிக்கலாம், ரெண்டு மூணு நாள் கழிச்சும் ஆரம்பிக்கலாம்.

இதே பொய்யான அமைதியை வேற எடத்துலயும் பாக்கலாம். காட்டுல பொறுக்கற சில வெள்ளைக் காளான்ல இருக்கற அமானிட்டின் தறியைத் தொடறதில்ல, அட்டை அடிக்கற எடத்துல, அதான் ஆர்என்ஏ பாலிமரேஸ்ல போய் உக்காந்துக்கும். மொதல்ல வாந்தி பேதி, அப்புறம் ஒரு நாள் நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அந்த நாள்லதான் டிஸ்சார்ஜ் கேப்பாங்க, அடுத்தாப்ல கல்லீரல் போயிருக்கும். தொண்டை அடைப்பான் கிருமியோட நச்சும் இதே தறில கைய வெக்கறதுதான், நான் சொன்னேன்ல தறியை நகத்தற துணைப்புரோட்டீன்னு, அது அதைக் கெடுக்குது. தடுப்பூசி போடச் சொல்லி நாங்க தொண்டை கிழியக் கத்தறது இதுக்கும்தான்.

காட்டாமணக்கு பத்தியும் சொல்லிரணும், ஏன்னா வேலியோரம் வெளையாடற பசங்க கும்பலா தின்னுட்டு வர்றது அதைத்தான். அதுல கர்சின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, அதுவும் அதே கத்தி, ஆனா சாவி கெடையாது. செல்லுக்குள்ள நொழையத் தெரியாத கத்தி. அதுல வர்ற வாந்தி பேதிக்கு முக்கியமா வேற எரிச்சல் ரசாயனம் காரணம், சீக்கிரமே ஆரம்பிக்கும், டிரிப்ஸ் போட்டா பெரும்பாலான பசங்க ரெண்டு நாள்ல ஓடிருவாங்க. சாவி இல்லாத இந்தக் கத்திங்க கோதுமையில கூட இருக்கு, நாம சப்பாத்தி சாப்ட்டுட்டு நல்லாத்தான் இருக்கோம்.

சரி, நம்ம பையன். அன்னைக்கு ராத்திரி சிரிச்சுக்கிட்டே தூங்கினான். அம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, பில்லுக்காக வெச்சிருக்கேன்னு நெனச்சிருப்பாங்களோ என்னமோ. மறுநாள் சாயங்காலம் ரெண்டு வாந்தி. ராத்திரி பதினோரு மணிக்கு மேல பேதி, விடியக்காலம் அதுல ரத்தம். இதுக்கு மாத்து மருந்து கெடையாது, அப்ரினை இழுத்துட்டு வர்ற ஊசின்னு ஒண்ணு எங்ககிட்ட இல்ல. போற தண்ணியை டிரிப்ஸ்ல திருப்பிக் குடுக்கறது, உப்பு, சர்க்கரை அளவைப் பாக்கறது, கல்லீரல், கிட்னி டெஸ்ட்டை தினம் பாக்கறது, காத்திருக்கறது. ரத்தபேதி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கையில லைன் போட்டு தண்ணி ஏத்த ரெடியா இருந்ததுதான் அவனுக்கு நடந்த நல்லது. வீட்டுல இருந்திருந்தா அந்த ராத்திரி முழுக்க வத்தியிருப்பான்.

வீட்டுல செய்ய வேண்டியதுன்னு பாத்தா ரொம்பக் கொஞ்சம்தான். வாயில மிச்சம் இருக்கறதை வெரலால எடுத்து கொப்புளிக்க வெய்ங்க, எடுத்ததைத் தூக்கிப் போடாம கொண்டு வாங்க, மென்னதா முழுசா முழுங்கினதான்னு எங்களுக்கு அதுதான் சொல்லும். 108-க்கு போன் பண்ணுங்க. உப்புத்தண்ணி, புளித்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்கற வேலை வேண்டவே வேண்டாம், உப்புத்தண்ணியால சோடியம் ஏறி, வெஷத்தை விட அதுல சீரியஸான குழந்தைங்க உண்டு. முழுசா முழுங்கினதா தெரிஞ்சாலும் ஒரு தரம் கொண்டு வந்து காட்டுங்க, எத்தனை முழுங்குச்சு எத்தனை மென்னுச்சுன்னு நாலு வயசுக் குழந்தை சொல்ற கணக்கை நான் நம்பறதில்ல. நல்லா இருக்கான்னு டாக்டர் ஒரு நாள் வெச்சுப் பாக்கணும்னு சொன்னா, சண்டை போட்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போகாதீங்க. பிள்ளையாருக்குக் கண்ணு வேணும்னா மிளகு இருக்கு.

ஆறாவது நாள் டிஸ்சார்ஜ். இட்லி கேட்டு அழுதான், அதைவிட நல்ல டெஸ்ட் ரிசல்ட் எங்களுக்கு வேற இல்ல. தாத்தா பெட் ஓரமா நின்னு இன்னொரு கேள்வி கேட்டாரு, கழண்ட ஆணியை எப்படிங்க திருப்பி அடிச்சீங்கன்னு.

அடிக்கலைங்கய்யா, அந்தத் தறி எல்லாம் போனது போனதுதான். கெட்டுப்போன செல்லு அப்படியே உதிந்து பேதியில போயிரும். குடல் மடிப்போட அடியில புது செல்லு பொறந்து மேல ஏறி வரும், அதோட பீரோல அதே டிசைன், அதைப் பாத்தே அது புதுத் தறியையும் கட்டிக்கும், ஏன்னா தறிக்கான டிசைனும் அந்த டிஎன்ஏலதான் இருக்கு.

"டிசைன் இருந்தா தறியையே நெய்யலாங்களா?" அப்படின்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் பையனோட வயித்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.