பனியில் இடிக்கும் இடியை மிருதங்கத்தில் வாசிப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு இடி இடிப்பது தஞ்சாவூர்ப் பக்கம் வாடிக்கை. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே இடிப்பதுதான் அபூர்வம். 'தண்டர்ஸ்னோ' என்கிறார்கள். வட அமெரிக்கப் பேரேரிகளை ஒட்டியும் ஜப்பானின் மேற்குக் கரையிலும் குளிர்காலத்தில் நடக்கும். கடுங்குளிர்க் காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான நீரின் மேல் வீசி, அடியில் சூடேறி விறுவிறுவென மேலெழும். மேகத்துக்குள் பனித்துகள்கள் மோதி மின்னேற்றம் பிரியும், அப்புறம் மின்னல்தான்.

இதைத் தாளவாத்தியக் கச்சேரியில் வாசிக்கச் சொன்னால்? தவிலும் மிருதங்கமும் இருக்க என்ன கவலை, தடதடவென உருட்டிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பனியிடி உருளாது.

மழை இடி ஏன் உருள்கிறது? மின்னல் ஓடிய பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. வெடிப்பு ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். பாதையோ சில கிலோமீட்டர் நீளம். ஒலி ஒரு கிலோமீட்டர் வர 3 நொடி ஆகும். கிட்டத்து முனையின் சத்தம் முதலில், எட்டத்து முனையின் சத்தம் பின்னால், எதிரொலி அதற்கும் பின்னால். கடகடவென்று நீள்வது இதனால்.

புதிதாக விழுந்த பனியெல்லாம் காற்றுத் துளைகள். உள்ளே நுழையும் ஒலி அவற்றில் உராய்ந்து வெப்பமாகிப் போகும். தூரத்துச் சத்தமும் எதிரொலியும் வந்து சேர்வதில்லை. சாதாரண இடி 15 கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். பனியிடி பெரும்பாலும் 5 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். வால் அறுந்த ஒரு 'தொப்'.

மிருதங்கக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், தண்ணீர் விட்டுப் பிசைந்த ரவையை ஒட்டுவார்கள். அந்த எடையில் தோல் மெதுவாக அதிர்ந்து சுருதி இறங்கும். தட்டியதும் கையை எடுத்தால் 'தொம்' என்று கார்வை, அதாவது நீளும் நாதம், நிற்கும். கையை அங்கேயே வைத்துவிட்டால் 'த'. அதிர்வை உள்ளங்கை வாங்கிக்கொள்கிறது. டெல்டா இடி தொம், பனியிடி த. சத்தத்தை அது பிறந்த இடத்திலேயே கை அமுக்குகிறது, பனி வழியில் விழுங்குகிறது என்ற வித்தியாசம் உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தவிலில்தான் சிக்கல். விரலில் மாட்டும் கூடு தரும் 'டக்' என்ற கூர்மை இங்கே உதவாது. பனி அதிகமாகத் தின்பது அந்த உயர் அதிர்வெண்களைத்தான். கூட்டைக் கழற்றி, தோல்மேல் துண்டைப் போட்டு வாசிக்க வேண்டும். எந்தத் தவில்காரர் சம்மதிப்பார்?

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. மார்கழி விடியலில் கோயில் தவில் அடுத்த ஊருக்கே கேட்கும். தரையோடு குளிர்காற்று, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று. வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போவதால் மேலே போகும் அலை கீழ்நோக்கி வளைந்து திரும்பிவிடுகிறது. குளிர்காலம் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகும் ஊர்க்காரரிடம் குளிர்காலத்துக்காகச் சத்தத்தை அமுக்கச் சொல்கிறோம். திருவையாற்றில் இப்படி ஓர் உருப்படியை வாசித்தால், "ரவை சரியா ஒட்டலையா தம்பி?" என்று முன்வரிசையில் யாராவது கட்டாயம் கேட்பார்.