யன்னலில் வண்டு, மேல்தட்டில் தூள்

கொக்குவிலில் ஒரு வீட்டுக்குப் பூச்சி மருந்தடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பின்னேரமானால் குசினி யன்னலில் சின்னச் சின்ன மண்ணிற வண்டுகள் மொய்க்கின்றனவாம். "தம்பி, மூலை முடுக்கெல்லாம் அடித்துவிடுங்கள்" என்றார் வீட்டு அம்மா. தெளிகருவியை வாசலில் வைத்துவிட்டு ஏணி கேட்டேன்.

யன்னலில் நிற்பவை வெளிச்சம் தேடி வந்த வண்டுகள். அவை பெருகும் இடம் வேறு. அது அலுமாரியின் மேல்தட்டில் அகப்பட்டது: கனடாவிலுள்ள மகனுக்கென்று வறுத்துத் திரித்து, இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, அனுப்பாமல் விட்டுப்போன மிளகாய்த்தூள். பையில் குண்டூசி குத்தியதுபோலத் துளைகள். சுளகில் கொட்டினால் தூள் கட்டிகட்டியாக விழுந்தது. ஒரு கட்டியை உடைத்தேன், உள்ளே வளைந்து கிடந்தது வெள்ளைப் புழு. இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான், தலையைக் கவிழ்த்துக் கூனிக்கொண்டிருக்கும் இந்த வண்டுக்குப் பெயர் புகையிலை வண்டு. மல்லி, மஞ்சள் எதையும் விடாது. உறைப்பெல்லாம் நமக்குத்தான். வறுத்தபோது இருந்தவை செத்திருக்கும். பிறகு வந்தவைக்கு வறுவல் தடையில்லை.

அரிசி வண்டின் கதை வேறு. மூக்கால் அரிசியைத் துளைத்து, முட்டையிட்டு, துளையைப் பசையால் மூடிவிடும். புழு அரிசிக்குள்ளேயே வளர்ந்து, நம் வெக்கைக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். கடையில் சுத்தமாகத் தெரிந்த அரிசி வீட்டில் 'திடீரென' வண்டு பிடிப்பது இதனால்தான். பயறிலும் உழுந்திலும் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொட்டுகளும் முட்டைகளே, அவை இட்டது பயறு வண்டு என்ற வேறொரு வண்டு. வேப்பிலை போடுவதை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அரிசிக்குள் இருக்கும் புழுவை அது கொல்லாது.

புதிதாக வாங்கியதைக் காற்றுப்புகாமல் கட்டி, உறைபெட்டியில் −18 பாகை செல்சியசில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் சாகும். பிறகு இறுக்கமான மூடியுள்ள பேணியில் போடுங்கள். பழையதன்மேல் புதியதைக் கொட்ட வேண்டாம். தட்டின் இடுக்குகளில் தேங்கிய தூளையும் துடைத்தெடுங்கள். உணவு வைக்கும் தட்டில் மருந்தடிக்க நான் சம்மதிப்பதில்லை. களஞ்சியங்களில் நெல்லுக்கு வைக்கும் அலுமினியம் பொஸ்பைட்டு வில்லையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஈரக்காற்றுப் பட்டாலே அதிலிருந்து கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்தும் இல்லை.

அந்த அம்மாவுக்குத் தூளைக் கொட்ட மனம் வரவில்லை. "அரித்துவிட்டு அனுப்பினால் என்ன?" என்று கேட்டார். அரிதட்டில் வண்டு நிற்கும், முட்டை விழுந்துவிடும், அது கனடாவில் பொரிக்கும் என்றேன். சுளகை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்கோடிக்குப் போனார்.