கண்புரை முற்றட்டும் என்று யார் சொன்னது?

போன வாரமும் ஒரு அம்மா வந்தார். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) பல வருடமாக இருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை வெளுத்துப்போய், விளக்கடித்துப் பார்த்தால் கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரையே தெரியவில்லை. ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டேன். "முத்தினாத்தான் எடுக்க முடியும்னு சொன்னாங்களே டாக்டர்." சொன்னது யார்? தேக்கா சந்தையில் பார்த்த, முன்பு ஒரே அடுக்குமாடி புளோக்கில் இருந்த அக்கா.

அந்த அக்காவையும் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் கண்ணுக்குள் புரை விழுந்த லென்ஸை முழுசாக வெளியே எடுத்தார்கள், அதனால் முற்றும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். இப்போது 2, 3 மில்லிமீட்டர் கீறல் போட்டு, அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி எடுக்கிறோம். முற்றிய புரை கெட்டிப்பட்டிருக்கும். உடைக்க அதிக சக்தி வேண்டும், கருவிழி வீங்கும், பார்வை தெளிய நாளாகும். இது யாருக்கும் பொது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல், புரை மறைப்பதால் பின்னால் ரத்தம் கசிகிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க முடியாமல் போவது. பலதுறை மருந்தகத்தில் எடுக்கும் விழித்திரைப் படமும் மங்கலாகத்தான் விழும். அதற்காக மேல்பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்தால், அது பல வீடுகளில் மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் போய்விடுகிறது.

சரி, இனிப்புநீர் இருந்தால் ஆபரேஷனே ஆகாதா? அதுவும் தப்பு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்து, விழித்திரையும் நன்றாக இருந்தால், பெரும்பாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் பார்வையே உங்களுக்கும் கிடைக்கும். விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால்தான் வித்தியாசம். "பக்கத்து வீட்டு அங்கிளுக்கு மறுநாளே பளிச்சுனு தெரிஞ்சுது, எனக்கு மட்டும் மட்டமான லென்ஸா?" என்று கோபப்படுகிறார்கள். லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். நாங்கள் மாற்றுவது லென்ஸை மட்டும். விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு அது இன்னும் மோசமாகலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன் எடுக்கிறோம், தேவைப்பட்டால் கண்ணுக்குள் ஊசி போட்டு வீக்கத்தை அடக்குகிறோம். இதைக் காலம் கடத்துவதாக நினைக்க வேண்டாம்.

தேதி கொடுத்ததும் சோற்றை அடியோடு விட்டுப் பட்டினி கிடப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். வெகுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையைத் திடீரென்று இறக்கினால் சிலருக்கு விழித்திரைப் பாதிப்பு கூடிவிடும். மாத்திரை, இன்சுலின் எதையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அப்புறம், சொட்டு மருந்து. பார்வை வந்துவிட்டது என்று பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிந்திய வீக்கம் பல வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், அதுவும் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு அதிகம். சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாமல் போடுங்கள், மறுபரிசோதனைக்கு வாருங்கள். கண் சிவந்து வலித்தாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ அடுத்த அப்பாயின்மென்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.