சம்பளத் துண்டு பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் நன்கொடை கேட்பது எப்படி?

மாலை வகுப்பு, வாசிகசாலை, முன்பள்ளி என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் சங்கங்கள் கூடினால் ஒரே முறைப்பாடுதான்: இளசுகள் வருவதில்லை. ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண் சரிந்தபோது, பாதை அடைபட்ட தோட்டங்களுக்கு உலர் உணவுப் பொதிகளைத் தோளில் சுமந்து போனவர்கள் இதே இளசுகள்தான். அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. வந்தவர்களை நிற்க வைக்கும் விதத்தில் நம்முடைய வேலை ஒழுங்கு இல்லை.

முதலில் காசு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளை அம்மாவின் சம்பளத் துண்டை வாசித்துக் காட்டியே வளர்கிறது. தீபாவளி முற்பணம், தொழிற்சங்கச் சந்தா, கோவில் பணம் என்று வரிசையாகக் கழிவுகள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கின் எடைக்கென்று கிலோ கழிப்பதையும் அது பார்த்திருக்கிறது. கழித்த காசு எங்கே போனது என்று யாரும் அந்த வீட்டுக்கு வந்து சொன்னதில்லை. அந்தப் பிள்ளை இன்று கொழும்பில் கடையிலோ அலுவலகத்திலோ சம்பாதிக்கிறது. அதனிடம் போய் "நம்ம தோட்டத்துக்கு ஏதாவது செய், தம்பி" என்று மட்டும் கேட்டால் இன்னொரு கழிவு வந்துவிட்டது என்றுதான் நினைக்கும். அப்படி நினைப்பதில் தப்பே இல்லை.

அதனால் கணக்கைக் காசு கேட்ட இடத்திலேயே காட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்களா, அதே குழுவில் ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் நாலு வரி போடுங்கள். உதாரணமாக: "வரவு: 43 பேர், 10,750 ரூபா. அப்பியாசக் கொப்பி 60, 7,200 ரூபா. போட்டோ பிரதி 1,150 ரூபா. மிச்சம் 2,400 ரூபா." கீழே பில்லின் படம். வருடக் கடைசியில் வரும் அச்சடித்த அறிக்கையை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை, இந்த நாலு வரியை எல்லோரும் பார்ப்பார்கள். செலவே இல்லாத மாதத்திலும் "செலவு இல்லை" என்று போட வேண்டும். ஒரு மாதம் விட்டால் சந்தேகம் வரும், இரண்டு மாதம் விட்டால் காசு நிற்கும்.

கேட்கும் காலமும் முக்கியம். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள் என்று அன்றைக்கே உண்டியலை நீட்டுவது பரவலான பிழை. பஸ் காசு, உடுப்பு, பட்டாசு, வீட்டுக் கடன் என்று கை காலியாகும் நேரம் அது. அடுத்து வரும் மாதங்களில் பெற்றோரின் சம்பளத்தில் முற்பணம் வெட்டுப்படுவதால் வீட்டுக்குக் கூடுதலாக அனுப்ப வேண்டியும் வரும். தீபாவளிக்குப் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முதல் தவணையைத் தைப்பொங்கல் கழிந்து, சம்பளம் கிடைக்கும் வாரத்தில் கேளுங்கள்.

தொகை மாதம் 200, 250 ரூபா போதும். தனித்தனியாக வங்கிக்கு அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் வெட்டக்கூடும். 200 ரூபா கொடுப்பவருக்கு அது எரிச்சல். கொழும்பில் ஒரே பகுதியில் இருக்கும் எட்டுப் பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பாக நின்று சேர்த்து அனுப்பலாம், அல்லது மூன்று மாதக் காசை ஒன்றாக அனுப்பலாம். வங்கிக் கணக்கு எப்போதும் சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். தலைவரின் சொந்தக் கணக்குக்குக் காசு வாங்கும் சங்கத்தை இளைஞர்கள் நம்பவே மாட்டார்கள்.

உழைப்புக்கு வருவோம். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்கள்தான் தொண்டர்கள் கிடைக்கும் காலம். அந்த வயதில் "வந்து உதவி செய்யுங்கள்" என்ற அழைப்பு எடுபடாது. "சனிக்கிழமை 2 மணியிலிருந்து 4 மணி வரை, தரம் 3 பிள்ளைகள் எட்டுப் பேருக்குத் தமிழ் வாசிப்பு, மொத்தம் பத்து வாரம்" என்று சொல்லுங்கள். முடியும் திகதி தெரிந்தால் வருவார்கள். தெரியாவிட்டால், மூன்றாம் வாரம் சொல்லாமலே நின்றுவிடுவார்கள். அதன்பின் வெட்கத்தில் நம்மைக் கண்டாலே ஒதுங்கிப் போவார்கள்.

நேரம் குறிக்கும் முன் பஸ்ஸைப் பாருங்கள். பிற்பகலில் மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிடும். உள் தோட்டத்துக்குக் கடைசி பஸ் போய்விட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசு இருக்காது. தங்கச்சிமார் வராததற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்வது அநியாயம். சங்கத்திலிருந்து ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசி, மகள் எத்தனை மணிக்கு, யாரோடு திரும்பி வருவார் என்று சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். பஸ் காசை அன்றைக்கே கையில் கொடுங்கள். "பிறகு பில் கொண்டு வாங்க" என்றால் அவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு, வருவதையே விட்டுவிடுவார்கள்.

படங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒழுகும் லயக் கூரைக்குக் கீழே பிள்ளையை நிறுத்தி எடுத்த படம் வெளிநாட்டுக் கொடையாளிக்குப் பிடிக்கலாம். அதே லயத்தில் பிறந்த இளைஞனுக்கு அது அவமானம். தன் தங்கையின் முகத்தை அப்படிப் பதிவில் பார்த்தவன் மறுபடி வரமாட்டான். பிள்ளை வாசிக்கும் கையை, எழுதிய கொப்பியை எடுங்கள், முகம் வேண்டாம். தொண்டர்களை அரசியல்வாதியோடு நிறுத்திப் படம் எடுப்பதும் வேண்டாம். ஒரு தொழிற்சங்கத்துக்காரர் பக்கத்தில் நின்றால், மற்றச் சங்கத்து வீட்டில் அன்றிரவே கேள்வி வரும்.

நிர்வாகக் குழுவில் 25 வயதுக்குக் கீழே இரண்டு பேரையாவது எடுங்கள். அவர்களை நாற்காலி அடுக்கவும் பதிவு போடவும் மட்டும் வைத்திருந்தால் பிரயோசனம் இல்லை. 18 தாண்டியவராக இருந்தால் காசோலையில் ஒரு கையொப்பம் அவருடையதாகட்டும். மாதக் கணக்கையும் அவரே எழுதிப் போடட்டும்.

பத்து வாரம் முடியும் நாளில் சேவைக் கடிதத்தை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். "சிறப்பாகச் சேவையாற்றினார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் நேர்முகத் தேர்வில் உதவாது. தொடங்கிய திகதி, முடிந்த திகதி, மொத்தம் 20 மணித்தியாலம், எந்தத் தரத்துக்கு என்ன கற்பித்தார் என்பதோடு, சங்கத்தின் பதிவு இலக்கமும் கையொப்பமிட்டவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருக்க வேண்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். தமிழில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி.