மூளை அடங்குறதுக்கு முன்னாடி ஓவரா ஓடுது

வேலூர் பக்கம் ஒரு வீட்ல ஆயா கேட்ட கேள்வியவே திரும்பத் திரும்பக் கேட்டுக்கினு இருந்தா, "வயசாச்சு, இன்னா பண்றது"ன்னு சொல்லிட்டு அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிடுவோம். மறதின்னா மூளை மெதுவா அடங்கிப்போறதுன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு. ஆரம்பக் கட்டத்துல அது தப்பு. சில இடங்கள்ல மூளை வழக்கத்த விட அதிகமா வேலை செய்யுது, அதனாலயே தடுமாறுது.

முதல்ல எம்சிஐ (மைல்ட் காக்னிட்டிவ் இம்பேர்மென்ட்), அதாவது டிமென்ஷியா அளவுக்குப் போகாத லேசான மறதி. ஞாபகம் குறையுறது டெஸ்டுல தெரியும், வீட்ல இருக்கறவங்களுக்கும் தெரியும், ஆனா மனுஷன் தன் வேலைய தானே பாத்துக்குவாரு, பென்ஷன் எடுத்துக்கினு வருவாரு, கணக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாகும். அன்றாட வேலையே கெட்டுப்போச்சுன்னா அது டிமென்ஷியா. இத கண்டுபிடிக்கறதுல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. ஏழை நாடுகள்ல டிமென்ஷியாவ ஆராய்ஞ்ச 10/66 குழு வேலை செஞ்ச கிராமப்புற இடங்கள்ல ஒண்ணு நம்ம கணியம்பாடி வட்டாரம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆயாகிட்ட பேப்பர் பேனா குடுத்து டெஸ்ட் வச்சா ஃபெயிலாத்தான் ஆவாங்க, அதுக்குப் பேரு நோய் இல்லையே. அதனால படிப்பு குறுக்க வராத மாதிரி கேள்விங்களும், வீட்டு ஆளுங்ககிட்ட தனியா ஒரு விசாரணையும் சேத்துதான் அந்த டெஸ்டு.

சரி, உள்ள இன்னா நடக்குது? எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன்ல, மூளைல எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் அதிகமா பாயுறது தெரியும். ரெண்டு இடம் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்குனா அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொடர்புல இருக்குன்னு எடுத்துக்கறாங்க. இத வச்சுப் பாத்தா, நாம சும்மா உக்காந்து பழசை நெனைச்சுக்கினு இருக்கறப்ப ஒரு கூட்டம் இடங்கள் சேந்து வேலை செய்யுது. மார்கஸ் ரெய்க்கிள்ங்கற அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளரோட குழு 2001-ல இதுக்கு டிஃபால்ட் மோட்னு பேரு வச்சாங்க. இந்த வலைப்பின்னலோட நடுப்புள்ளி மூளையோட பின்பக்கம், நடுவுல, உள்வாங்கி இருக்கு. நம்ம காட்பாடி ஜங்ஷன் மாதிரி: சென்னை பெங்களூர் லைனும் விழுப்புரம் திருப்பதி லைனும் அங்கதான் சந்திக்குது, அங்க ஒரு சிக்னல் கோளாறுன்னா நாலு திசைலயும் வண்டி லேட்.

டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய்ல அமிலாய்டுங்கற புரதம் முதல்ல படியுற இடங்கள்ல இந்த நடுப்புள்ளியும் ஒண்ணு. ஏன் அங்க? எலிகள்ல பாத்தது என்னன்னா, நரம்பு செல் எவ்வளவு வேலை செய்யுதோ அவ்வளவு அமிலாய்டு வெளிய வருது. அதிகமா உழைக்கற இடத்துலயே குப்பை அதிகமா சேருதுன்னு பலரும் நம்பற விளக்கம் இது. அல்சைமர் வந்தவங்களுக்கு இந்த நடுப்புள்ளிக்கும் ஞாபகத்தப் பதியவைக்கிற ஹிப்போகேம்பஸுக்கும் நடுவுல தொடர்பு குறைஞ்சு போறது 2004-லயே தெரிஞ்சுது.

எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி அந்த ஹிப்போகேம்பஸ்தான். எம்சிஐ இருக்கறவங்களுக்கு அதுக்குள்ள ஒரு சின்னப் பகுதி ஓவரா வேலை செய்யுது. முன்னாடி இத, "மூளை குறைய சரிக்கட்டப் பாக்குது, நல்லதுதான்"னு நெனைச்சாங்க. 2012-ல ஒரு குழு வலிப்புக்குக் குடுக்கற லெவெடிராசிட்டம் மாத்திரைய ரொம்பக் கம்மி டோஸ்ல, 125 மில்லிகிராம் ரெண்டு வேளைன்னு குடுத்துப் பாத்தாங்க. அந்த ஓவர் வேலை அடங்குச்சு, ஞாபக டெஸ்டுல மார்க்கும் ஏறுச்சு. அப்போ அந்த ஓவர் வேலை உதவி இல்ல, தொந்தரவு. (மெடிக்கல் ஷாப்ல போய் இத நீங்களா வாங்கிடாதீங்க, சின்ன ஆராய்ச்சி அது, நோய நிறுத்துதுன்னு யாரும் காட்டல.)

அந்த ஞாபக டெஸ்டு எப்படின்னா, திரைல வரிசையா படம் வரும், நடுவுல முன்னாடி பாத்த படத்தையே கொஞ்சம் மாத்திக் காட்டுவாங்க. எம்சிஐ இருக்கறவங்க அதையும் "பாத்ததுதான்"னு சொல்லிடறாங்க. புதுச ஒரு தனி ஞாபகமா பதியாம, கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கற பழசுக்குள்ள தள்ளிவிடுது மூளை. குடியாத்தத்துலேர்ந்து பேரன் நேத்து வந்துட்டுப் போனத கேட்டா, ஆயா போன ஆடிக் கிருத்திகைக்கு அவன் வந்த கதைய அவ்வளவு விவரமா, சந்தேகமே இல்லாம சொல்றாங்க. பொய் இல்ல அது. நேத்தைய நாள் தனியா பதிவே ஆகல.

ஈஈஜி வேற மாதிரி காட்டும். தலைல ஒயர் ஒட்டி மூளையோட மின் அலைய எடுக்கறது, ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் 1929-லயே மனுஷ மூளை அலைய வெளியிட்டுட்டாரு. கண்ண மூடி அமைதியா இருக்கறப்ப செகண்டுக்கு 8லேர்ந்து 13 தடவை வரைக்கும் ஓடவேண்டிய ஆல்ஃபா அலை நோய் முத்த முத்த பலம் கொறைஞ்சு மெதுவாயிடும், 4லேர்ந்து 8 ஓடுற தீட்டா கூடும்.

டாவ்ங்கற இன்னொரு புரதம் ஹிப்போகேம்பஸுக்கு வாசல் மாதிரி இருக்கற பகுதில ஆரம்பிச்சு, நரம்புத் தொடர்பு போற வழியாவே பரவுதுன்னு ஆதாரம் சேந்துக்கினே வருது. அது பரவுன அப்புறம்தான் ஓவர் வேலையும் நின்னு, செல்லுங்க சாகுது, மூளை சுருங்குது, நாம நெனைச்ச அந்த "அடங்கிப்போறது" வருது.

இதெல்லாம் குழு குழுவா ஆளுங்கள ஒப்பிட்டுக் கண்டது. ஒரு தனி ஆளுக்கு எஃப்எம்ஆர்ஐ எடுத்து "உங்க நைனாவுக்கு இது வரும்"னு சொல்ற நிலைமை இன்னும் வரல, அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. எம்சிஐ இருக்கற எல்லாரும் டிமென்ஷியாவுக்குப் போறதும் இல்ல, சிலபேரு பழைய நிலைக்கே திரும்பறாங்க. பி12 கம்மி, தைராய்டு, மனச்சோர்வு இதுங்களும் இதே மாதிரி மறதியக் குடுக்கும், காது கேக்கலன்னா சொன்னது பதியவே பதியாது. டாக்டர் முதல்ல ரத்தப் பரிசோதனைக்கும் காது டெஸ்டுக்கும் எழுதிக் குடுத்தா, "ஸ்கேன் எடுக்கலையா"ன்னு சண்டை போடாதீங்க.