செகண்ட் ஹேண்ட் கேமராவின் விலையைச் சுங்க வரி எப்படி ஆட்டுகிறது?

"மூணு வருஷம் முன்னாடி 1,60,000 கொடுத்து வாங்கினது, 1,10,000 ஆவது வரணுமே." கேமராவை விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடுதான் வருகிறார்கள். வாங்குகிறவருக்கு அது தேவையில்லாத கணக்கு. இதே பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), அல்லது இதற்கு அடுத்து வந்த மாடல், இன்றைக்குக் கடையில் புதிதாக என்ன விலை என்பதை மட்டும்தான் அவர் பார்ப்பார். கேமராவும் லென்ஸும் நமக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவை. அதனால் அந்தப் புது விலையில் சுங்க வரிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. உங்கள் பையில் இருக்கும் பழைய கேமராவுக்கு நீங்கள் எப்போதோ வரி கட்டி முடித்திருந்தாலும், அதன் மதிப்பை ஏற்றுவதும் இறக்குவதும் இன்றைய வரிதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். சரக்கு விலை, காப்பீடு, சரக்குக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு கேமரா இங்கே வந்து இறங்கும் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை சுங்க வரி 10 சதவீதம் என்றால் 10,000. அந்த 10,000-க்கு மேல் சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம், அதாவது 1,000. (பழைய கல்வி செஸ்ஸுக்குப் பதிலாக 2018 பட்ஜெட்டில் வந்தது இது.) ஆக 1,11,000. இறக்குமதிக்கு விழும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18 சதவீதம் இந்த மொத்தத்தின் மீதுதான் விழும்: 19,980. முடிவில் 1,30,980. சுங்க வரியே இல்லையென்றால் இதே கேமரா 1,18,000. 20 சதவீதம் என்றால் 1,43,960. சுங்க வரி 10 புள்ளி ஏறினால் விலையில் 10,000 ஏறும் என்று பலரும் நினைக்கிறார்கள். வரிக்கு மேல் வரி விழுவதால் 12,980 ஏறுகிறது. இதற்கு மேல்தான் விநியோகஸ்தர் லாபமும் கடை லாபமும்.

ஒரே பையில் இருக்கும் பொருட்களுக்கு ஒரே வரி என்றும் நினைக்க வேண்டாம். டிஜிட்டல் கேமரா பாடி 8525 என்ற சுங்கத் தலைப்பில் வரும். லென்ஸ் 9002, ஃபிளாஷ் 9006, டிரைபாட் 9620. பட்ஜெட்டில் ஒரு தலைப்பின் வீதம் மாறினால் மற்றவை அப்படியே இருக்கும். "கேமராவுக்கு வரி ஏறிடுச்சு" என்று யாராவது சொன்னால், எந்தத் தலைப்புக்கு, எவ்வளவு என்று அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். மொபைல் கேமரா மாட்யூலுக்குப் போகும் லென்ஸுக்கு வரி குறைந்த செய்தியைப் படித்துவிட்டு, 70-200 மி.மீ. ஜூம் லென்ஸின் விலை இறங்கும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அது வேறு பொருள். ஜப்பானுடன் 2011 முதலும் ஆசியான் நாடுகளுடன் 2010 முதலும் நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அவற்றின் பட்டியலில் உள்ள பொருளாக இருந்து, பிறப்பிடச் சான்றும் கையில் இருந்தால், இறக்குமதியாளருக்குச் சலுகை வீதம் கிடைக்கும். ஒரே பிராண்டில் இரண்டு லென்ஸ்களின் விலை வித்தியாசத்துக்கு அவை தயாரான நாடும் சில சமயம் காரணம்.

வரி கேமராவின் வடிவமைப்பையே மாற்றிய கதை ஒன்று இருக்கிறது. 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும் வீடியோ ரெக்கார்டிங் ஞாபகம் இருக்கிறதா? 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா என்று வகைப்படுத்தி வரி போட்டது. அதிலிருந்து தப்பவே கம்பெனிகள் ஒரு விநாடி குறைத்து நிறுத்தின. நம் ஊரிலும் இதே கோடுதான். 2012 மார்ச்சில் வந்த சுங்க அறிவிப்பு, குறைந்தது 800×600 பிக்சலில், விநாடிக்கு 23 ஃபிரேமில், ஒரே மூச்சில் 30 நிமிடம் பதிவு செய்யக்கூடிய கேமராக்களை வரிவிலக்கிலிருந்து வெளியே வைத்தது. கேனான், நிக்கான், சோனி நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் இந்த விலக்கு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயின. நோட்டீஸ் கொடுத்த வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகளுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2021 மார்ச் 9-ல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பர் 7-ல் மறுஆய்வில் அதே நீதிமன்றம் அதை மாற்றியது.

மறுவிற்பனையில் இதன் தடம் இன்றும் தெரிகிறது. முகூர்த்தத்தையும் கச்சேரியையும் நிறுத்தாமல் எடுக்க வேண்டியவர்கள், இந்த வரம்பு இல்லாத பாடியைத்தான் தேடுகிறார்கள். படத் தரம் ஒன்றாகவே இருந்தாலும், 29:59-ல் நிற்கும் பாடியை வீடியோக்காரர்கள் குறைத்துத்தான் கேட்பார்கள். ஸ்டில் மட்டும் எடுப்பவருக்கு அது லாபம். அப்படிப்பட்ட பாடியை விற்கும்போது வீடியோக் குழுக்களில் விளம்பரம் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வரி ஏறும்போதும் இறங்கும்போதும் பழைய சந்தை ஒரே வேகத்தில் நகர்வதில்லை. சரக்குக்கு எந்த வீதம் என்பது பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதிப் படிவம்) தாக்கல் செய்யும் நாளை ஒட்டி முடிவாகிறது. ஏற்கெனவே கிடங்குக்கு வந்துவிட்ட சரக்கு பழைய வரி கட்டியது. வரி ஏறினால் அந்தச் சரக்கு தீரும் வரை புது விலை முழுதாக ஏறாது. ஓஎல்எக்ஸில் விலைப்பட்டியல் மட்டும் மறுநாளே ஏறிவிடும். அது விற்பவரின் ஆசை. கைமாறிய விலை இல்லை. இறங்கும்போது கதை வேறு. அறிவிப்பு வந்த அன்றே வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். 2018 டிசம்பர் 22-ல் ஜிஎஸ்டி கவுன்சில் டிஜிட்டல் கேமராவை 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறக்கியது. 2019 ஜனவரி 1 முதல் அமல். 1,28,000 ரூபாய் பாடி 1,18,000 ஆக வேண்டிய கணக்கு அது, சுமார் 7.8 சதவீத இறக்கம். இப்படிப்பட்ட நேரத்தில் ஆறு மாதப் பழசான, கிட்டத்தட்டப் புதுப் பாடியைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் பலமான அடி. ஏழெட்டு வருடம் ஓடிய டிஎஸ்எல்ஆர் அசையாது. அதன் விலையை, உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமரா ஏற்கெனவே தின்றுவிட்டது.

சுங்க வரி ஏறியதும் பழைய விலையும் அதே அளவுக்கு ஏறும் என்று எதிர்பார்த்து விற்காமல் வைத்திருப்பதும் வீண். முன் சொன்ன கணக்கில் சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 10 சதவீதம் ஆனால், புது விலையில் 60 சதவீதத்துக்குக் கைமாறும் பாடி ஒன்று 70,800-லிருந்து 78,588 வரை போகலாம். காகிதத்தில் அப்படி. நடப்பில் பாதிகூட ஏறாமல் நின்றுவிடுவதுண்டு. வாங்குகிறவரின் பட்ஜெட் ஏறவில்லை என்பது ஒரு காரணம். புதிய வரியைத் தவிர்க்க வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவரும் பில் இல்லாத சரக்கு பெருகிவிடும் என்பது இன்னொன்று. சின்னதும் விலை உயர்ந்ததுமான பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களில் இது சீக்கிரம் தெரியும். அப்போது பில் உள்ள லென்ஸுக்கும் இல்லாத லென்ஸுக்கும் இடையே உள்ள விலை இடைவெளி விரியும்.

பில் இல்லாத பொருளை வாங்குவது விலை பேரத்தோடு முடிகிற விஷயம் இல்லை. முறையாக வரி கட்டாமல் வந்த சரக்கு, பல கை மாறிய பிறகும் சுங்கச் சட்டம் 111-ம் பிரிவின்படி பறிமுதலுக்கு உரியது. இந்திய வாரண்டியும் கிடைக்காது. பாடியின் அடியில் உள்ள சீரியல் எண், பில்லில் உள்ளது, பெட்டியில் உள்ளது மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டி மட்டும் இந்தியப் பெட்டியாகவும் பாடி வேறாகவும் இருப்பது இந்த வியாபாரத்தில் பழைய தந்திரம்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கி வந்தது என்றால், சுங்கத்தில் கட்டிய ரசீதைக் கேளுங்கள். பயணிகள் கொண்டுவரும் பொருளுக்கான 2016 பேகேஜ் விதிகள் இந்தியாவில் வசிப்பவருக்கு வைத்த வரியில்லா வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது. அதைத் தாண்டிய தொகைக்கு 35 சதவீத வரியும் சர்சார்ஜும் சேர்ந்து 38.5 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் 1,50,000 ரூபாய் லென்ஸுக்கு 38,500 கட்ட வேண்டியிருந்தது. 2026-ல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புது விதிகள் வந்துவிட்டன, ஆகவே கிளம்பும் முன் அன்றைய விதியைப் பாருங்கள். சொந்தக் கேமராவோடு வெளிநாட்டு ஷூட்டுக்குப் போகிறவர்கள், போகும்போதே விமான நிலைய சுங்கத்தில் சீரியல் எண்களோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கேள்வி வராது. பிறகு விற்கும்போது இதுவும் ஒரு நல்ல ஆவணம்.

ஜப்பானியக் கடைகளின் பழைய லென்ஸ் விலையைப் பார்த்து மயங்கி, தபாலில் வரவழைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், மூலதனப் பொருள் அல்லாத செகண்ட் ஹேண்ட் சரக்கு 'கட்டுப்படுத்தப்பட்டது' என்ற வகையில் வருகிறது, அனுமதி வேண்டும். டிஜிட்டல் கேமராவுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவுக் கட்டாயமும் இருக்கிறது. பார்சல் சுங்கத்தில் நின்றால், மிச்சம் பிடித்த பணத்தைவிட அலைச்சல் பெரிது.

ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டுடியோக்காரர்கள் பேரத்தில் அடிக்கடி கோட்டை விடுகிற இடம் வேறு. 1,30,980-க்குப் புதிதாக வாங்கினால், அதில் 19,980 உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, திரும்பி வரும். அவர்களுக்குப் புதுக் கேமராவின் உண்மை விலை 1,11,000தான். தனிநபரிடம் பழையதை 1,00,000-க்கு வாங்கினால் அதில் வரவு எதுவும் கிடையாது. பதினோராயிரம் வித்தியாசத்துக்கு இரண்டு வருட வாரண்டியை விடுவது புத்திசாலித்தனம் இல்லை. பதிவு இல்லாத ஃப்ரீலான்ஸருக்கு அதே பழைய கேமரா 30,980 மிச்சம். ஆகவே நல்ல விலை வேண்டுமென்றால் ஃப்ரீலான்ஸரிடம் விற்கப் பாருங்கள்.

வரவு எடுத்த ஸ்டுடியோ அந்தக் கேமராவை விற்கும்போது வரி கட்ட வேண்டும். லாபத் தொகைக்கு மட்டும் வரி கட்டும் பழைய பொருள் வியாபாரிகளின் விதி 32(5), வரவு எடுத்தவருக்குப் பொருந்தாது. எடுத்த வரவைக் காலாண்டுக்கு 5 சதவீதம் வீதம் கழித்து மிஞ்சும் தொகை, விற்கும் விலைக்கான வரி, இவற்றில் எது அதிகமோ அது. 2,00,000 பாடிக்கு 36,000 வரவு எடுத்து, எட்டுக் காலாண்டு கழித்து 1,10,000-க்கு விற்றால், மிஞ்சும் வரவு 21,600. விற்பனை வரி 19,800. கட்ட வேண்டியது 21,600. யூபிஐயில் பணம் வாங்கிப் போட்டுக்கொண்டு கணக்கில் காட்டாமல் விட்டால், தணிக்கையில் சொத்துப் பட்டியலில் கேமரா இருக்கும், ஸ்டுடியோவில் இருக்காது.

உதிரிபாகமும் இறக்குமதிதான். வரியோ டாலர் விலையோ ஏறினால் ஷட்டர் மாற்றும் செலவும் ஏறும். அதனால் அதிகம் ஓடிய பாடியின் மதிப்பு, குறைவாக ஓடியதைவிட வேகமாக விழும். கேனான் 6டி-க்கு 1,00,000, 5டி மார்க் 4-க்கும் நிக்கான் டி750-க்கும் 1,50,000, டி850-க்கு 2,00,000 படங்கள் என்பது கம்பெனி சொன்ன ஷட்டர் ஆயுள். அதில் முக்கால்வாசி தாண்டிய பாடி என்றால், சர்வீஸ் சென்டரில் அன்றைய ஷட்டர் விலையை எழுத்தில் வாங்கி, அதில் பாதியையாவது பேரத்தில் கழியுங்கள். சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் லென்ஸுக்கு ஃபங்கஸ் சோதனை கட்டாயம்: பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள்.

டிரோன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. 2022 பிப்ரவரி 9 முதல், ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு தவிர மற்றவற்றுக்கு முழு டிரோன் இறக்குமதி தடை. வரியைக் கூட்டிப் பார்த்துப் புது விலை போட வழியே இல்லை. தடைக்கு முன் முறையாக வந்த, பில் உள்ள டிரோனை விற்கும்போது அந்தப் பில்லின் தேதியை முதல் வரியிலேயே எழுதுங்கள்.